எழுபது வயது அப்பாவை மாலத்தீவின் ஒரு சிறிய தீவுக்கு மீன்பிடி விடுமுறைக்கு அழைத்துச் செல்ல எப்படித் திட்டமிடுவது?

மாலத்தீவில் ஏதேனும் ஒரு சிறிய தீவில் நான்கைந்து நாள் தங்கித் தூண்டில் போட உங்கள் அப்பா ஆசைப்படுகிறார் என்றும், எந்தத் தீவு, எந்த மாதம், எந்தத் தூண்டில் கோல் வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவர் என்ன தொழில் செய்தவர் என்று நீங்கள் எழுதவில்லை. எழுபது வயதில், கரையில் காற்று வாங்குவதற்காக அல்லாமல் தூண்டில் போடுவதற்காகவே ஒருவர் தீவுக்குப் போக விரும்புகிறார் என்றால், அவரும் என் அப்பாவைப் போலக் கடலில் தொழில் செய்தவராகத்தான் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்படி இல்லையென்றாலும் இதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். படகையும் படகோட்டியையும் முதலில் முடிவு செய்யுங்கள். அதன் பிறகு தீவு, அதன் பிறகு விடுதி, கடைசியாக விமானம். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். அதற்கு என் அப்பா கொடுத்த விலையை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

அப்பா தூத்துக்குடியில் 41 ஆண்டுகள் வள்ளத்தில் கைத்தூண்டில் தொழில் செய்தவர். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாலையில் கடற்கரைக்குப் போவார், வள்ளங்கள் வருவதைப் பார்ப்பார், இன்ன மீன் பட்டது என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். நான் மாலத்தீவுப் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது என் சித்தப்பா, "காலம் பூரா கடல்ல கெடந்த மனுசன மறுபடியும் மீன் பிடிக்கவா கூட்டிட்டுப் போற? இதுல என்னய்யா லீவு?" என்று கேட்டார். இங்கேயும் சிலர் அதையே கேட்கக்கூடும். கூலிக்காகவும் கடனுக்காகவும் கடலுக்குப் போவது வேறு. பட்டாலும் படாவிட்டாலும் அன்றைய அடுப்புக்குக் கவலையில்லை என்ற நிலையில் ஒரு மனிதர் தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையைச் செய்து பார்ப்பது வேறு. அந்த இரண்டாவது வாய்ப்பு அப்பாவுக்கு வாழ்நாளில் ஒருமுறை கூடக் கிடைத்ததில்லை. அதற்காகத்தான் அழைத்துச் சென்றேன்.

2025 பிப்ரவரி மூன்றாம் வாரம் போனோம். நாளைக் குறித்தது அப்பாதான். தேய்பிறை அட்டமியை ஒட்டிய நாட்களாகப் பார்க்கச் சொன்னார். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீவாடு என்னும் நீரோட்டம் வலுவாக இழுக்கும், தூண்டில் ஈயம் தரையில் நிற்காது. அட்டமியை ஒட்டி நீரோட்டம் தணிந்திருக்கும், அதோடு தேய்பிறையில் நிலவு நள்ளிரவுக்குத்தான் எழும் என்பதால் முன்னிரவு இருட்டாக இருக்கும், பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், விளமீன் இரையெடுக்கும் என்பது அவர் கணக்கு. கால நிலையைப் பொறுத்தவரை டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவம், கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை நமக்குக் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம்தான் அங்கேயும். எழுபது வயதுக்காரரைச் சிறிய படகில் ஏற்ற அது உகந்த காலம் அல்ல. நோன்பு மாதம் எப்போது வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் உள்ளூர்த் தீவுகளில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும், படகோட்டிகளும் நோன்பிருப்பார்கள்.

இவ்வளவு கணக்குப் பார்த்த அப்பாவை நான் ஒரு முகவரின் பேச்சை நம்பி அழைத்துச் சென்றேன். "இரண்டு இரவு தங்கல், மீன்பிடிப் பயணம் உட்பட" என்று எழுதியிருந்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து மாலே ஏறத்தாழ 600 கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே பறந்தால் போதும். அங்கிருந்து விரைவுப் படகில், விடுதிகள் நெருக்கமாகக் கட்டப்பட்ட ஒரு தீவில் இறங்கினோம். மறுநாள் மாலை மீன்பிடிப் பயணம் என்று ஏற்றப்பட்ட படகில் எங்களோடு இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு தூண்டில் சுருளைக் கொடுத்துக்கொண்டே வந்த பணியாள் அப்பாவைப் பார்த்ததும் நின்றார். கையில் இருந்த பட்டியலைப் பார்த்து வயதைச் சரிபார்த்தார். அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் படகின் ஓரத்தில் நிற்கக் கூடாது, நடுவில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். இவர் நாற்பது ஆண்டுகள் இதையே தொழிலாகச் செய்தவர் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அது அவர்களுடைய விதி, மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பணியாளை நான் குறை சொல்லவில்லை. பாதுகாப்புக்காக விதி வைப்பது தவறு என்றும் சொல்லவில்லை. ஆனால் முன்பதிவின்போது அப்பாவின் கடவுச்சீட்டு நகலை வாங்கிக்கொண்ட முகவருக்கு அவர் வயது தெரியும். மீன்பிடிப்புக்காகத்தான் போகிறோம் என்பதும் தெரியும். அந்த விதியை ஒரு வரியில் சொல்லியிருந்தால் நாங்கள் வேறு இடம் பார்த்திருப்போம். திரும்பி வந்து கேட்டபோது, "மீன்பிடிப் பயணத்தில் அவர் கலந்துகொண்டாரே" என்று பதில் வந்தது. தன் வாழ்நாளில் தூண்டில் கயிற்றைத் தொடாத இளைஞர்கள் கயிற்றைச் சிக்கலாக்கிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தபடி, என் அப்பா ஒரு மணி நேரம் நெகிழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விடுதிக்குத் திரும்பியதும், "பரவாயில்ல எய்யா, கடல பாத்தாச்சுல்லா" என்றார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

விடுதி வரவேற்பில் வேலை செய்த மட்டக்களப்புத் தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர்தான் ஃபுலிதூ என்ற தீவில் தனக்குத் தெரிந்த படகோட்டி ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார். வாவு அட்டோல் என்ற பவளத் தீவுக் கூட்டத்தில் இருக்கிறது அந்தத் தீவு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். படகோட்டியிடம் நானே பேசினேன். படகில் வேறு யாராவது வருவார்களா, எத்தனை மணி நேரம் பாரில் நிற்போம், கைத்தூண்டிலா கோலா, இரை என்ன, ஏறி இறங்கப் படி இருக்கிறதா, என் அப்பாவுக்கு 69 வயது, முழங்காலில் அறுவை சிகிச்சை செய்தவர், ஆனால் தொழில்காரர், அவர் தூண்டில் போடலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசிக் கேள்விக்கு அவர், "என் தந்தைக்கு எழுபத்தைந்து வயது, அவரும் வருவார்" என்றார். நான்கு மணி நேரத்துக்கு 160 டாலர் என்று முடிவானது. மறுநாள் காலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். நீங்கள் இந்தக் கேள்விகளை வீட்டிலிருந்தபடியே, பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். நல்ல படகோட்டி ஒருவர் கூட இவற்றைத் தொல்லையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். அவர்களும் அதைத் தோணி என்றுதான் சொல்கிறார்கள். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வெங்காயமும் கட்டுமானப் பொருட்களும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போகும் தோணிகளைப் பார்த்து வளர்ந்தவர் அப்பா. அந்த ஒரு சொல்லே அவரைச் சற்று இயல்பாக்கியது. படகோட்டி தன் தாயின் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்தில் மூன்று மாதம் தங்கியிருந்தவர், கொஞ்சம் மலையாளம் பேசினார். அப்பா கேரளத்து நீண்டகரையில் சில பருவங்கள் தொழில் செய்தவர், அவருக்கும் கொஞ்சம் மலையாளம் தெரியும். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டே இருவரும் இரவு முழுவதும் பேசினார்கள்.

சூரியன் விழும் நேரத்தில் பாரின் ஓரத்தில் நங்கூரம் போட்டார்கள். படகோட்டி ஒரு சுருளை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாங்கிக்கொண்டு, தூண்டில் போடாமல் என்னைப் பார்த்தார். "எய்யா, இந்தக் கடல்ல நாம தூண்டி போடலாமா? நம்மள ஒண்ணும் சொல்லமாட்டாங்களே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அந்தக் கேள்வியின் பாரம் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 2023 அக்டோபரில்தான் எங்கள் மாவட்டத்து மீனவர் பன்னிருவரை எல்லை தாண்டியதாக மாலத்தீவுக் கடலோரக் காவல் படை படகோடு பிடித்துச் சென்றது. எல்லை கடலில் கோடாகத் தெரிவதில்லை; அதை நினைத்து அஞ்சியபடியேதான் அப்பா தொழில் செய்தார். கடவுச்சீட்டில் முத்திரை குத்தி, உரிமம் உள்ள படகில், அந்த நாட்டுக்காரர் கையாலேயே தூண்டிலை வாங்கிய பிறகும் அந்த அச்சம் போகவில்லை. நான் படகோட்டியிடம் கேட்டுச் சொன்னேன். அவர் அப்பாவின் தோளில் கை வைத்து, "நீங்கள் என் விருந்தாளி, போடுங்கள்" என்றார்.

அதன் பிறகு நடந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். அப்பா முதலில் தூண்டில் முள்ளை நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். கூர் போதவில்லை என்று படகிலிருந்த அரத்தை வாங்கி நான்கு இழுப்பு இழுத்தார். கணவாயை விரல் அகலத்துக்கு நீள வாட்டில் அறுத்து, முள்ளில் இரண்டு முறை கோத்து, நுனி ஆடும்படி விட்டார். தங்கூசி என்னும் நைலான் கயிற்றைக் கை கையாக விட்டுக்கொண்டே வாய்க்குள் எண்ணினார். ஈயம் தரை தட்டியதும் "இருபத்திரண்டு பாகம்" என்றார். இரண்டு கையையும் விரித்த அளவுதான் ஒரு பாகம். படகோட்டி ஆழங்காட்டும் கருவியைப் பார்த்தார். 40 மீட்டர் என்று காட்டியது. அவருடைய தந்தை அதைப் பார்த்துவிட்டுத் தான் இருந்த இடத்தை அப்பாவுக்குக் கொடுத்து நகர்ந்து உட்கார்ந்தார். அது நீவாட்டுக்கு வாட்டமான பின்பக்கம்.

ஒரு முழம் உயர்த்திப் பிடித்து, கயிற்றை ஆள்காட்டி விரலின் மேல் போட்டுக்கொண்டு அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அந்த விரலின் முதல் கணுவில் கயிறு அறுத்து அறுத்துக் காய்த்துப்போன பள்ளம் ஒன்று உண்டு. சிறு வயதில் நான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்குவேன். கயிறு போய்ச் சரியாக அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது. ஐந்து நிமிடம் இருக்கும், மணிக்கட்டு மட்டும் வெட்டியது. இரண்டு கைகளும் மாறி மாறி இழுக்க, இரண்டு கிலோவுக்கு மேல் தேறும் விளமீன் ஒன்று மேலே வந்தது. அன்றிரவு அப்பாவுக்கு மட்டும் ஆறு விளமீன், இரண்டு களவா, ஒரு பாரை பட்டன. விலாங்கு போன்ற அஞ்சாலை ஒன்றும் கடித்தது, அதைப் படகில் ஏற்றாமல் கயிற்றை அறுத்துவிட்டார். எனக்கு ஒன்றுதான் பட்டது.

தேநீர் குடிக்கும்போது அப்பா வானத்தைப் பார்த்து, இது எந்தக் காற்றுக் காலம் என்று கேட்டார். படகோட்டியின் தந்தை, இப்போது ஹியவிஹா நடக்கிறது என்றார். அவர்கள் ஆண்டை நகை என்ற பெயரில் 27 ஆகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாள். ஏப்ரலில் தொடங்கும் தென்மேற்குக் காலத்துக்குப் பதினெட்டு, டிசம்பரில் தொடங்கும் வடகிழக்குக் காலத்துக்கு ஒன்பது. எந்த நகையில் எந்தப் பக்கத்துக் காற்று, எதில் மழை, எதில் மீன் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. பெரியவர் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். அஸ்ஸிதா, புருணு, கெதி, ரோணு என்று நான்கு சொன்னதும் அப்பா இடைமறித்து, அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி என்றார். பிறகு அவர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, மகத்துக்கு அவர் மா என்றார், விசாகத்துக்கு விஹா என்றார், கடைசியில் ரேவதிக்கு ரேவா என்றபோது இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஹியவிஹா என்பது நம் சதயம். சூரியன் கார்த்திகையை ஒட்டி நிற்கும் நாட்களை நாம் கத்திரி என்று வெயிலுக்காக நினைவில் வைத்திருக்கிறோம், அவர்கள் கெதி என்று மழைக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாடு அந்தத் தீவுகளிலிருந்து வருவது என்று எனக்குத் தெரியும்; அவர்கள் மொழியில் மாஸ் என்றாலே மீன் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

கோல் வாங்க வேண்டாம். கோலும் சுருளியும் பாரை மீனையும் பெரிய சூரையையும் விரட்டிப் பிடிக்கும் விளையாட்டு மீன்பிடிப்புக்குத் தேவை. அதற்கு நாள் முழுக்க நின்று வீச வேண்டும், செலவும் பல மடங்கு. இரவில் பாரில் தூண்டில் போடுவதற்குக் கைத்தூண்டில் போதும், படகிலேயே தருவார்கள். உங்கள் அப்பா பழகிய முள்ளும் ஈயமும் இருந்தால் பெட்டியில் போட்டுப் பதிவுச் சுமையாக அனுப்புங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். விரலுக்குத் துணிப்பட்டையோ மெல்லிய கையுறையோ வையுங்கள். வயதானவர்களின் தோல் மெல்லியது, எங்கள் அப்பாவுக்கே இரண்டாம் நாள் விரல் கிழிந்தது.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு அங்கே போய் இறங்கியதும் இலவசமாக அனுமதி கிடைக்கும். திரும்பும் பயணச்சீட்டும் விடுதிப் பதிவும் கையில் இருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பயணி அறிவிப்புப் படிவத்தை நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. உள்ளூர்த் தீவுகளில் உள்ள சிறிய விடுதிகளில் 2025 ஜனவரியிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர் பசுமை வரி உண்டு. அறை வாடகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமையில் அரசுப் படகுகள் பெரும்பாலும் ஓடுவதில்லை, எனவே அன்று தீவு மாறுவதாகவோ விமானம் பிடிப்பதாகவோ திட்டம் போடாதீர்கள். மதுவை அங்கே கொண்டுபோகத் தடை என்பது பலருக்கும் தெரியும். வழிபாட்டுச் சிலைகளையும் கொண்டுபோகக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. அப்பா எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கும் மாதா சுரூபத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். உங்கள் அப்பாவிடமும் இதைப் புறப்படுவதற்கு முன்பே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், விமான நிலையத்தில் வைத்துச் சொல்ல வேண்டிய செய்தி அல்ல அது.

லட்சத்தீவு இருக்கும்போது அயல்நாட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று சிலர் எழுதுவார்கள். லட்சத்தீவு மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அங்கேயும் போக ஆசை உண்டு. அங்கே போக நமக்கும் நுழைவு அனுமதி தேவை, அதற்குக் காவல்துறைச் சான்று முதலியவற்றைத் தேட வேண்டும். எனக்குக் கிடைத்த விடுப்பு அதற்குப் போதவில்லை. பொழுதுபோக்குக்காக மீனைக் கொல்வது சரியா என்று கேட்பவர்களும் உண்டு. நாங்கள் பிடித்ததில் எங்களுக்கு வேண்டிய இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். மற்றவை படகோட்டியின் வீட்டுக்கும் அண்டை வீடுகளுக்கும் போயின. சுறா, திருக்கை, ஆமை ஆகியவற்றை அந்த நாட்டில் பொழுதுபோக்குத் தூண்டிலில் பிடிக்கக் கூடாது; தவறிக் கடித்தாலும் விட்டுவிட வேண்டும். வலை போட்டுச் சூரையை வாரிக்கொண்டு போகாமல், உயிருள்ள சிறு மீனை இரையாக வீசி, கோலால் ஒவ்வொன்றாகத் தூக்கும் முறையை இன்றுவரை கைவிடாத நாடு அது. கைத்தூண்டில்காரரான என் அப்பா இதைக் கேட்டதும் அந்த ஊர் மேல் வைத்த மரியாதை பெரிது.

ஃபுலிதூவில் இரண்டு இரவு கடலுக்குப் போனோம். இரண்டாம் இரவு படகோட்டி பணம் வாங்க மறுத்தார், நான் வற்புறுத்தி எரிபொருள் செலவை மட்டும் கொடுத்தேன். அப்பா இரண்டு கிலோ மாசி வாங்கிக்கொண்டு வந்தார், அதில் ஒரு கிலோ சித்தப்பா வீட்டுக்குப் போனது.

உங்கள் அப்பா எந்த ஊரில், என்ன தொழில் செய்தார், எவ்வளவு நேரம் படகில் உட்கார முடியும், கடலில் தலைசுற்றல் உண்டா என்பதை இங்கேயே எழுதுங்கள். நீங்கள் போக நினைக்கும் மாதத்தில் எந்த அட்டமி ஒத்துவரும் என்று அப்பாவிடம் கேட்டு எழுதுகிறேன்.